பூட்டிய கேட்டின் முன்னால் டீ

முதலாளி பொய் சொன்னார். என் மகளின் பள்ளி ஆண்டு விழா மேடையில், கழுத்தில் மாலையோடு, மைக்கைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னார்.

"கஷ்ட காலத்துல சின்னச் சின்ன சந்தோசத்த விட்றாதீங்க கண்ணுகளா. எங்க கம்பெனி மூடிக் கெடந்தப்ப, எங்க தொழிலாளிக தெனமும் நாலு மணிக்கு கேட்டு முன்னால கூடி, டீ குடிச்சு, சிரிச்சுட்டுப் போனாங்க. அதுதானுங்க மனசு!"

எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரி பார்க்கிறாளே என்று நானும் தட்டினேன். அந்த எரிச்சலும் சேர்ந்துதான் இதை எழுத வைக்கிறது.

அந்தக் கேட்டின் முன்னால் நானும் இருந்தேன். ஒன்பது வயது. எங்கள் ஊரான மண்ணரையில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் அம்மா ஓவர்லாக் மெஷின் ஓட்டினாள். அத்தை அங்கேயே செக்கிங். முழுப்பரீட்சை லீவில் ஒரு திங்கட்கிழமை, வேலைக்குப் போன இரண்டு பேரும் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். கேட்டில் பூட்டு. வெளியே வாட்ச்மேன் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். அவர் சொன்னாராம்:

"ஆர்டர் வந்ததும் தொறப்பாங்களாமா. தெனமும் நாலு மணிக்கு வந்து கேட்டுக்கோணுமாமா. வராதவங்க எடத்துக்கு வேற ஆள் எடுத்துக்குவேன்னு மொதலாளி சொல்லச் சொன்னாருங்க."

அதற்காகத்தான் போனார்கள். சந்தோஷத்தைத் தேடிப் போகவில்லை.

முதல் இரண்டு நாள் வெயிலில் சும்மா நின்றார்கள். மூன்றாம் நாள் அத்தை ஒரு தூக்குப்போசி நிறைய இஞ்சி டீ போட்டு எடுத்துக்கொண்டாள். "நாலு மணிக்கு டீ இல்லாட்டி எனக்குத் தலைய வலிக்குதுங்க" என்றாள். மறுநாள் யாரோ கச்சாயம் சுட்டு வந்தார்கள். வெல்லப் பாகு சேர்த்து எண்ணெயில் சுட்ட அந்தப் பண்டத்துக்காக நான் மத்தியானத்திலிருந்தே காத்திருப்பேன். தெற்கத்தி டெய்லர் ஒருவர் சூப்பர்வைசர் மாதிரி கையைத் தட்டுவார்.

"டீ டைம் முடிஞ்சிட்டுல்லா! பீஸ் என்ன தானாவா தைச்சுக்கிடும்?"

"மொதல்ல கேட்டத் தொறங்க சூப்பரைசரு, போறோம்" என்பாள் அத்தை.

சிரிப்பார்கள். அதில் முதலாளி பொய் சொல்லவில்லை. வீட்டில் அம்மா அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு எதற்குப் பற்ற வைத்தோம் என்று நிற்பாள். இங்கே டம்ளரைக் கையில் வாங்கியதும் முகம் மாறும். எனக்கு அந்தப் பூட்டு பிடித்திருந்தது. அது திறக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு என்ன தெரியும்?

ஒருநாள் என் கையிலிருந்த கச்சாயத்தை ஒரு நாய் பிடுங்கிக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாகக் கட்டடத்துக்குப் பின்னால் ஓடியது. துரத்தினேன். அங்கே ஜன்னலுக்குக் கீழே வேஸ்ட் துணி மூட்டைகள் கிடந்தன. நாயை விட்டுவிட்டு மூட்டை மேல் ஏறி உள்ளே பார்த்தேன். அம்மாவின் மெஷினைப் பார்க்க ஆசை.

மெஷின் இல்லை. ஒன்றுகூட இல்லை. வரிசையாக டியூப்லைட் மட்டும் தொங்கியது. தரையெல்லாம் தூசி, மெஷின் நின்ற இடங்கள் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. நடுவில், அம்மா துண்டுத் துணியில் தைத்து ஸ்டூலில் போட்டிருந்த மஞ்சள் பூ மெத்தை குப்புறக் கிடந்தது. ஸ்டூலும் இல்லை.

ஓடி வந்து எல்லோருக்கும் நடுவில் கத்தினேன். "அம்மா! உன்ற மெஷினக் காணோம்! ஒண்ணுமே இல்ல, எல்லாங் காலி!"

டெய்லர் தட்டப்போன கை அப்படியே நின்றது. அம்மா எழுந்து வந்து என்னைக் கன்னத்தில் அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை.

"பாத்தேம்மா..."

"வாய மூடு!"

பின்பக்கம் போய்ப் பார்க்க இருபது எட்டு வைத்தால் போதும். ஒருவரும் போகவில்லை. அத்தை போசியைத் தூக்கினாள். "டீ ஆறுதுங்க, குடிங்க." வாட்ச்மேனுக்குத்தான் எப்போதும் முதல் டம்ளர். அன்றைக்கு அவர் கை நீட்டவில்லை. அத்தை அதை அவர் நாற்காலிக் கால் அருகே வைத்தாள்.

மறுநாளும் நாலு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். இஞ்சி டீ, கச்சாயம், சூப்பர்வைசர் வேஷம், சிரிப்பு, எல்லாம் இருந்தது. பின்பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. லீவு முடிந்து நான் பள்ளிக்கூடம் போன பிறகும் அவர்கள் கொஞ்ச நாள் போய்க்கொண்டிருந்தார்கள்.

உண்மையைச் சொன்னதற்கு அடித்தாள் என்று அம்மாமேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது. அன்றைக்கு அங்கே இருந்த யாருமே நான் சொன்னதைப் பொய் என்று சொல்லவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதலாளி, அதே மேடைக்கு வாருங்கள். அதே பிள்ளைகள் உட்காரட்டும். என் அம்மாவையும் முதல் வரிசையில் உட்கார வைக்கிறேன். மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: வாட்ச்மேனை விட்டு அவர்களைத் தினமும் நாலு மணிக்கு வரச் சொன்ன அன்று, உள்ளே மெஷின் இருந்ததா, இல்லையா?