ட்ரூடாவின் வாளி

ட்ரூடா அக்கா எங்கள் மீட்புப் படகின் மெக்கானிக். அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. துறைமுகச் சுவரைத் தாண்டியதும் வாந்தி எடுப்பாள். ஒரு கையில் ஸ்பானர், இன்னொரு கையில் சிவப்பு வாளி. அலை பெரிதானால் மாதாவை உரக்கக் கூப்பிடுவாள். ஆனாலும் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். 'ஜெல்னா நோயாளி' என்று இருக்கும். எங்கள் மொழியில் ஜெல்னா என்றால் தைரியசாலி. என் மகளுடையதை நான்தான் அந்த வாளியில் ஒட்டினேன்.

"எவன்டா ஒட்டினது?" என்றாள் ட்ரூடா. "நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும்."

புதிதாக வந்த கேப்டன் கோன்ராட் சிரிக்கவில்லை.

"பயம் ஒட்டுவாரொட்டிம்மா. மத்தவங்களுக்கும் தொத்திக்கும். இந்த மாசத்தோட கரைக்கு மாறிடுங்க. ரேடியோ ரூம் இருக்கு."

"அங்க வாளி தேவைப்படாதுதான்" என்றாள். அன்று வீட்டுக்குப் போகாமல் எஞ்சினைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மாதம் முடியுமுன் ஒரு மீன்பிடிப் படகு பால்டிக் புயலில் சிக்கியது. போகிற வழியில் எங்கள் எஞ்சின் நின்றது. கீழே எஞ்சின் ரூமிலிருந்து ட்ரூடாவின் அழுகை, ஓங்கரிப்பு, ஜெபம், கெட்ட வார்த்தை எல்லாம் கலந்து வந்தன. அப்புறம் எஞ்சின் சத்தம் வந்தது. மீனவர்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.

கரையில் கேப்டன் படகின் விலாவைத் தட்டிக்கொடுத்தார். "ஜெல்னா" என்றார்.

வாளியைக் கழுவிக்கொண்டிருந்த ட்ரூடா நிமிர்ந்தாள்.

"வழி பூரா அதுவுந்தான் முனகுச்சு, தண்ணியக் கக்குச்சு. அதையும் ரேடியோ ரூமுக்கு அனுப்பப் போறீங்களா கேப்டன்?"

ஜெல்னா என்ற சொல் 'ஜெவோ'விலிருந்து வந்தது. ஜெவோ என்றால் செய்கை, செய்து முடித்த வேலை. பயப்படாதவன் என்று அதன் வேரில் எங்கும் இல்லை. அதனால்தான் நன்றாக உழைக்கும் குதிரையையும் கடலைத் தாங்கும் படகையும் அப்படிச் சொல்கிறோம். கேப்டனுக்கும் இது தெரியும். சின்ன வயதிலிருந்து படகுகளை அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறார்.

அவர் குனிந்தார். ஈரத்தில் பிரிந்திருந்த ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"எஞ்சின் ரூம் உங்களோடதுதான்மா. வாளி மட்டும் கொஞ்சம் பெருசா வாங்கிக்குங்க."

"இதுவே போதும்" என்றாள் ட்ரூடா. "காலையில சாப்பிடாம வந்துடுவேன்."