அளக்காத வீடு

எங்கள் குடியிருப்பில் கரியின் மேல் பிறந்து, கரியைப் பற்றியே படிக்கப் போனவள் ரூப்னி ஒருத்திதான். அவள் அப்பா கோபின் பாவுரியும் நானும் ஜரியா நிலக்கரிச் சுரங்கப் பகுதியிலிருந்து தன்பாத் சந்தைக்குச் சைக்கிளில் கரி மூட்டை கொண்டுபோகிறவர்கள். சைக்கிள் என்று பேர்தானே ஒழிய, ஏறி மிதிக்க முடியாது; வழியெல்லாம் தள்ள வேண்டும். அப்படித் தள்ளித்தான் கோபின் மகளை ராஞ்சிப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்குள் அவர் நெஞ்சு கெட்டுவிட்டது.

கடைசி வருஷத்தில் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பருவநிலை ஆய்வு செய்யும் டெல்லி நிறுவனம் ஒன்று மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, குளிர்காலம் முழுக்க வேலை வாங்கியது. ஒழுங்காகச் செய்தால் அங்கேயே உத்தியோகம். எங்கள் வீடுகளுக்குள் நச்சுவாயு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது ரூப்னியின் வேலை. பூமிக்கடியில் தலைமுறை தலைமுறையாக எரிகிற நெருப்பின் மேல் குடியிருக்கிறவர்கள் நாங்கள். அவள் கொண்டுவந்த கருவிக்கு 'மோப்ப நாய்' என்று பேர் வைத்துக் கேலி செய்தோம்.

அந்த நிறுவனத்தில் ஒரு விதி. அளக்கிறவர் சொந்த வீட்டை அளக்கக் கூடாது. அளந்தால் கணக்கில் சந்தேகம் வருமாம். கருவியை எங்கே முடுக்கினாலும் டெல்லியில் தெரிந்துவிடும்.

அந்தச் சமயம் பார்த்து அவள் அக்கா மாலோ பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளைத் தரை சூடாக இருக்கும் அறையில் கிடத்துவது எங்கள் வழக்கம். ஊரெல்லாம் குளிரில் நடுங்கும்போது எங்களுக்குக் கம்பளி தேவையில்லை என்று பெருமையடித்துக்கொள்வோம். மாலோவையும் அப்படித்தான் கிடத்தினார்கள். சன்னலில் சாக்கைத் திணித்தார்கள். கதவிடுக்கில் துணியைச் செருகினார்கள். நெருப்புக்கும் புகைக்கும் பயப்பட எங்களுக்குத் தெரியும். வாசனையே இல்லாத ஒன்றுக்குப் பயப்பட எவன் சொல்லிக்கொடுத்தான்?

ரூப்னி சாக்கை உருவினாள். அவள் அம்மா திரும்பவும் திணித்தாள். "பச்ச ஒடம்புக்காரி. குளிர் ஏறிச்சுன்னா உன் மெஷினா வந்து காப்பாத்தும்?"

மாலோ தலைவலி என்றாள். பிள்ளை பெற்ற அலுப்பு என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். ரூப்னி டெல்லிக்குப் போன் போட்டு அனுமதி கேட்டாள். திங்கட்கிழமை வேறொரு மாணவனை அனுப்புகிறோம், அவன் அளப்பான் என்று பதில் வந்தது.

கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றவளிடம், "அமுக்கித்தான் பாரேன்டி," என்றேன்.

"வேலையே போயிடும் மாமா. அப்புறம் அப்பா சாகுற வரைக்கும் சைக்கிள்தான் தள்ளணும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோபின் பிள்ளையை வெயில் காட்ட வெளியே தூக்கி வந்தார். அதனால் பிள்ளை பிழைத்தது. மாலோ எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் டெல்லிப் பையன் சொன்னபடி வந்து சேர்ந்தான். வீட்டில் ஆட்கள் கூடியிருப்பதைப் பார்த்து, ஏதாவது விசேஷமா என்று என்னிடம் கேட்டான். அவனை அறையலாம் போல இருந்தது. விஷயம் தெரிந்ததும் அளக்காமலே திரும்பிப் போய்விட்டான்.

வேலை முடிந்து டெல்லியில் கூட்டம் நடந்தது. ஊர்க்காரர் ஒருவரையும் அழைத்துவரச் சொன்னதால் நானும் போனேன். சால்வை போட்டார்கள். திரையில் எங்கள் குடியிருப்பின் படம், வீட்டுக்கு வீடு சிவப்பு. அருமையான வேலை என்று எல்லோரும் பாராட்டினார்கள். நடுவில் ஒரே ஒரு வீடு மட்டும் வெள்ளையாக இருந்தது. அதை ஏன் விட்டுவிட்டாய் என்று தலைவர் கேட்டார்.

"அது எங்க வீடு சார்," என்றாள் ரூப்னி. "சொந்த வீட்ட அளக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

விதியை இவ்வளவு கறாராகக் கடைப்பிடித்தவள் என்று அவளைத் தனியாகப் புகழ்ந்து, வேலை கொடுத்தார்கள். மாலோவின் பிள்ளைக்குப் பால் பவுடர் அந்தச் சம்பளத்தில்தான் வாங்குகிறார்கள்.