குடிபெயர்ந்தார்களாம்

டெட்ராய்ட்டின் ஹேஸ்டிங்ஸ் தெருவில் மீன் வறுத்து விற்றவள் ஒடெஸா கில்யார்ட். கல்யாணமான கையோடு ஜார்ஜியாவிலிருந்து ரயிலேறி வந்தவள். புருஷன் அலோன்ஸோ கார் தொழிற்சாலையில் இரும்பு உருக்கும் வேலைக்குப் போனான். இவள் கடை போட்டாள். கிளப்புகளில் பாட வருபவர்கள் மேடையேறும் முன்பு அவள் கடை வாசலில் விரலை நக்கிக்கொண்டு நிற்பார்கள்.

பிறகு நெடுஞ்சாலை வந்தது. கிளப், சலூன், தேவாலயம் எல்லாவற்றையும் இடித்துப் பள்ளம் தோண்டினார்கள். வாடகைக்கு இருந்தவர்களை யாரும் ஏனென்று கேட்கவில்லை. அலோன்ஸோ அதோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான். அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

முப்பது வருஷம் போனபின், அந்தத் தெருவின் இசையைக் கொண்டாட ஒரு விழாக் குழு கிளம்பியது. நெடுஞ்சாலையைக் கடக்கும் பாலத்தின் ஓரத்தில் பலகை நட்டார்கள். திறந்துவைக்க ஒடெஸாவை அழைத்தார்கள்.

"வாங்க ஒடெஸா, திரைய இழுங்க" என்றான் குழுவின் தலைவன். அவள் மகனைவிடச் சின்னவன்.

"பேர் சொல்லிக் கூப்பிட நீ என்ன எங்கூட வளந்தவனா? மிஸஸ் கில்யார்ட்னு சொல்லு."

திரையை இழுத்தாள். 'சாலை அமைந்தபோது இங்கிருந்தோர் வேறு பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர்' என்றிருந்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது. முன்வரிசையில் இருந்த சலூன்கார வெர்லீனைப் பார்த்தாள்.

"ஏன்டி, நீ குடிபெயர்ந்தியா?"

"எங்க பெயர்ந்தேன்? சலூன் கண்ணாடிய கழட்டக்கூட விடல. நான் உள்ள இருக்கறப்பவே சுவத்த இடிச்சானுங்க."

தலைவன் மைக்கை அணைக்கச் சொன்னான். ஒடெஸா கைப்பையிலிருந்து உதட்டுச்சாயத்தை எடுத்தாள். அந்தக் கடைசிச் சொல்லின் மேல் அழுத்தி அடித்தாள். 'துரத்தப்பட்டனர்' என்று கீழே எழுதினாள்.

"அம்மா, இது பொதுச் சொத்து."

"என் கடையும் பொதுச் சொத்தா? அப்பறம் ஏன் இடிச்சீங்க?"

கூட்டத்தில் பழைய தெருக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தன் தையல் கடையின் பெயரைக் கத்திச் சொன்னார். பிறகு ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

குழு மறுநாள் துடைத்தது. ஒடெஸா பெயின்ட் டப்பாவோடு போனாள். மறுபடி துடைத்தார்கள், மறுபடி போனாள். கடைசியில் பலகையையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஜெயிச்சிட்டியே" என்றாள் வெர்லீன்.

"எதுல? தெருவ எடுத்தானுங்க. இப்ப தெரு இருந்துச்சுங்கறதையும் எடுத்துட்டானுங்க" என்றாள் ஒடெஸா.