தேய்த்து எடுத்த மடிப்புகள்

கையால் செய்த பிழையைக் கையால் திருத்தலாம். யாருடைய கையும் படாமல் நேர்ந்த பிழையை எங்கே கொண்டுபோய்த் திருத்துவது? சூசை இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டதில்லை. அவன் வாழ்ந்த விதம்தான் கேட்டது.

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்புறம், பிளாஸ்டிக் உருப்படிகளை முப்பரிமாண பிரிண்டரில் அடித்துக் கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையில் அவனுக்குப் பாலிஷ் வேலை. உருப்படியில் ஒரு கோடு தெரிந்தாலும் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். ஆகவே கோட்டைக் கண்டால் சூசையின் விரல் தானாக உப்புத்தாளைத் தேடும். கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது, பழக்கம் அப்படி.

மகள் அனிட்டாவுக்கு ஆறு வயது. கழுத்து நிற்பதே சிரமம், பேச்சு இல்லை. மூளையின் மேற்பரப்பில் இருக்க வேண்டிய மடிப்புகள் உருவாகவில்லை, பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று பெங்களூரு டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொல்லியிருந்தார். சூசை அதைத் தன் தொழில் வழியாகவே புரிந்துகொண்டான். வேலை முடியாத உருப்படி. கை வைக்க வைக்க வந்துவிடும். அதனால் சனிக்கிழமைதோறும் லீவு போட்டு, பிள்ளையைத் தோளில் சாய்த்து, அத்திப்பள்ளி தாண்டிப் பயிற்சி மையத்துக்குக் கொண்டுபோனான். மனைவி ஜெபசீலி வேண்டாம் என்றபோதெல்லாம் சண்டைதான்.

ஒரு வியாழக்கிழமை புது ஆர்டர் ஒன்று பிரிண்டாகிச் சூசையின் மேசைக்கு வந்தது. அறிவியல் கண்காட்சிக்காக மனித மூளை ஒன்று, சிம்பன்சி மூளை ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இரண்டும் ஒரே அளவில். பிரிண்டர் விட்ட வரிகளை மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும். மனித மூளையைப் பத்திரமாகச் செய்தான். குரங்குக்கு இத்தனை மடிப்பு இருக்காது என்று நினைத்து, ஆழமில்லாத பள்ளங்களையெல்லாம் இழைத்துத் தள்ளினான்.

தரம் பார்க்கும் சுப்ரியா அதைக் கையில் எடுத்தாள். "என்னா சூசைண்ணா, முட்டை பண்ணி வச்சிருக்கீங்க?"

"கோடு இருந்துச்சும்மா. எடுத்துட்டேன்."

"அது கோடு இல்லண்ணா, மடிப்பு. பெரிய மடிப்பெல்லாம் அதுக்கும் நமக்கும் முக்காவாசி ஒரே இடத்துலதான். நமக்குக் குட்டிக் குட்டியா இன்னும் நெறைய."

பக்கத்து மேசை கிருஷ்ணப்பன் சும்மா இருப்பானா? "சூசை மண்டையைத் தொறந்து பாரும்மா. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு கெடைக்கும்!"

சூசையும் சிரித்தான். பிறகு அந்த வழவழப்பைத் தடவிக்கொண்டே கேட்டான். "மடிப்பு விழாமப் போனா, அப்புறமா விழுமா?"

"எங்கண்ணா விழும்? பெரிய மடிப்பெல்லாம் அம்மா வயித்துலயே விழுந்துடுமாம். ஆர்டர் குடுத்த சார் சொன்னாரு." அவளுக்கு அனிட்டாவைப் பற்றித் தெரியாது. "நீங்க ஏன் மூஞ்சியத் தொங்கப் போடறீங்க? இன்னொண்ணு பிரிண்ட் எடுத்துக்கலாம்."

மறுநாளே வேறொரு குரங்கு மூளை மேசைக்கு வந்தது. சூசை அதைத் தொடவில்லை. ஒரு குரங்குக்கு இருப்பதுகூடத் தன் பிள்ளைக்கு இல்லை என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஒப்பிடுவது எளிது. ஒப்பிட்டுத் தெரிந்துகொண்டபின் அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஜெபசீலி பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு வேணாங்க. பஸ்ஸுல வாந்தி எடுத்தே ஓஞ்சு போறா. டாக்டரே கைய விரிச்சுட்டாரு. உங்களுக்குத்தான் ஏறமாட்டேங்குது."

வழக்கமாக இந்த இடத்தில் குரல் உயரும். சூசை பிள்ளையின் மோவாயில் வழிந்த கஞ்சியைத் துடைத்தான். "நீ சொல்றதுதான் சரி" என்றான்.

ஜெபசீலிக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை காலம் அவன் மறுத்துப் பேசியதில்தான் அவளும் சாய்ந்துகொண்டிருந்தாள் போலும்.

மறுநாள் காலையில் சூசை அனிட்டாவுக்குக் கவுன் மாட்டி, தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினான். அடுத்த சனிக்கிழமையும் போனான். எதற்கு என்று ஜெபசீலி கேட்டாள். "சரியாயிடும்னு இல்ல" என்றபடி அவன் ஒரு துண்டை மடித்துத் தோளில் போட்டு, அதன்மேல் பிள்ளையின் தலையைச் சாய்த்துக்கொண்டான்.