வெண்டி விதைக் கோப்பியும் அக்காவின் சம்பந்தமும்

இன்று சூப்பர் மார்க்கெட் கவுண்டரில், எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கூடைக்குள் ஒரு பைக்கற்.

வறுத்த வெண்டி விதைக் கோப்பி. கஃபைன் இல்லையாம். ஓர்கானிக்காம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் முறைத்தாள். (மன்னிக்க வேண்டும் சகோதரி, விளக்கம் கீழே!)

எண்பதுகளின் பின்பாதி. ஊர், வேலணை. சண்டையால் கொழும்பிலிருந்து சாமான் ஒழுங்காக வராத காலம். சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. 'இல்லை' என்ற பதில் மட்டும் எல்லாக் கடையிலும் தாராளமாகக் கிடைத்தது.

அக்காவுக்குப் புங்குடுதீவுச் சம்பந்தம் வந்தது அப்போதுதான். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார்.

முன்பு வந்த இரண்டு சம்பந்தங்கள் கடைசி நேரத்தில் குழம்பிப் போயிருந்தன. இதுவும் போனால் இனி ஒருவர் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். அக்கா சொன்னால் சொன்னதுதான். எங்கள் எல்லோருக்கும் பயம்.

தரகர் வேறு ஒரு குண்டைப் போட்டார். மாப்பிள்ளையின் தகப்பன் பல வருடம் தெற்கே கடை வைத்திருந்தவராம். கோப்பி சரியில்லாத வீட்டில் இரண்டாம் தரம் கால் வைக்கமாட்டாராம்.

எங்கள் வீட்டில் மருந்துக்கும் கோப்பிக்கொட்டை கிடையாது!

அம்மா யோசித்தார். பிறகு குசினிப் பரணை அண்ணாந்து பார்த்தார்.

அங்கே, அடுப்புப் புகை படும் இடத்தில், ஐயாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வெண்டி விதை ஒரு துணி முடிச்சில் இருந்தது. ஒவ்வொரு போகத்திலும் திறமான காய்களுக்கு ஐயா வெள்ளைத் துணி கட்டிவிடுவார். துணி கட்டிய காயில் ஒருவரும் கை வைக்கக்கூடாது. அது செடியிலேயே முற்றிக் காய்ந்த பிறகுதான் விதை எடுப்பார். அந்த நீள வெண்டி விதையைச் சொந்தத் தம்பிக்குக்கூட அவர் கொடுத்ததில்லை.

அம்மா ஒரு பிடி எடுத்து வறுத்தார். நான் மல்லியும் சுக்கும் போட்டு இடித்தேன். மணம் அசல் கோப்பி!

அன்று மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. பாதையில் ஏதோ பிரச்சினை. இடித்ததை நாங்களே குடித்தோம்.

அடுத்த கிழமையும் வரவில்லை. இன்னும் இரண்டு பிடி. அதையும் நாங்களே குடித்தோம்.

ஐயாவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படிக் கோப்பி எங்கே எடுத்தீர் என்று அம்மாவைக் கேட்டார். பக்கத்தில்தான் கிடைத்தது என்றார் அம்மா. (பொய்யே இல்லை!)

மூன்றாம் கிழமை வந்தார்கள். அன்று காலையில் முடிச்சு வெறும் துணியானது.

அக்கா செவ்வரத்தை (செம்பருத்திதான்) இலை கசக்கித் தலை முழுகியிருந்தாள். செவ்வரத்தை, வேலியில் நிற்கும் பூவரசு, வெண்டி மூன்றும் ஒரே குடும்பம் என்று பிற்காலத்தில் படித்தேன். அன்று எங்கள் மானத்தைக் காப்பாற்ற அந்தக் குடும்பம் பட்ட பாட்டுக்கு ஒரு நன்றிகூட நாங்கள் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் கதிரையில் சாய்ந்து ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார்.

"நல்ல கோப்பி" என்றார்.

கதவுக்குப் பின்னால் என் கையை நெரித்துக்கொண்டிருந்த அக்கா, அப்போதுதான் கையை விட்டாள்.

ஐயாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தோட்டம் அப்போது வெறும் தரை. ஆனாலும் தன் வெண்டியின் புகழை அவிழ்த்துவிட்டார். பிஞ்சை ஊறப்போட்ட தண்ணீர் சலக்கடுப்புக்கு நல்லதாம், உடம்புச் சூட்டைத் தணிக்குமாம். காய் முழங்கை நீளமாம்.

மாப்பிள்ளையின் தகப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கேட்டார். "அண்ணை, அதில கொஞ்சம் விதை தருவியளோ?"

"வெளியாக்களுக்கு நான் குடுக்கிறேல்லை" என்றார் ஐயா. "ஆனா நீங்கள் இனி வெளியாக்களே?"

சம்பந்தம் முடிந்தது போலத்தான்! மாப்பிள்ளையின் தாய்கூடச் சிரித்தார்.

ஐயா துள்ளலாகக் குசினிக்குள் வந்து பரணைத் தடவினார். துணிதான் கையில் வந்தது.

"இஞ்சாரும், விதை எங்கை?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். "வந்தவை குடிச்சுக்கொண்டிருக்கினம்."

ஐயாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. கேட்ட விதையைக் கொடுக்காவிட்டால் அவமதிப்பு. உண்மையைச் சொன்னால், கோப்பி என்று ஏமாற்றிய வீடு. இரண்டிலும் போவது அக்காவின் வாழ்க்கை.

துணியைத் திரும்பப் பரணில் செருகினார். பிறகு வெறுங்கையோடு வெளியே போனார்.

"விதை இல்லை. நீங்கள் குடிச்சதுதான் விதை" என்றார்.

மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் மிச்சத்தையும் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வாயில வைச்ச உடனை தெரியும் அண்ணை. எங்கட வீட்டிலையும் மூண்டு மாசமா இதுதான். விதை முழுக்கக் குடிச்சு முடிச்சிட்டம். அதாலதான் உங்களிட்டைக் கேட்டனான்."

தாய்க்கு அதற்கு மேல் அடக்க ஏலவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்றே நாள் வைத்தார்கள். மறுநாள் சம்பந்திமார் இருவரும் ஒரே சைக்கிளில் பக்கத்து ஊரான கரம்பொனுக்குப் போய், யாரிடமோ கெஞ்சிக் கொஞ்சம் விதை வாங்கி வந்தார்கள்.

எங்கள் விறாந்தையில் பேப்பரை விரித்து, விதையை ஒவ்வொன்றாகப் பங்கு பிரித்தார்கள். ஒரு விதை மிஞ்சியது.

நீங்கள் எடுங்கோ என்று ஐயா. இல்லை, நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று அவர். மரியாதை முற்றி இருவருக்கும் குரல் உயரத் தொடங்கிவிட்டது! கைகூடிய சம்பந்தம் இந்த ஒற்றை விதையில் முறியப்போகிறது என்று அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது.

அம்மா குசினியிலிருந்து வந்தார். இருவரையும் பார்த்தார். குனிந்து அந்த விதையை எடுத்தார்.

"அப்ப இதையும் வறுக்கட்டே?"