வெள்ளையாக எடுத்த பிஸ்கோத்து

அடுப்பு வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள், தட்டு வெளியே வந்த பிறகும் நான் ஏன் அதன் பக்கத்திலேயே நிற்கிறேன் என்று கேட்கிறார்கள். காரணம் இது.

1. கூலிச் சூடு

உலகச் சண்டைக் காலம். சீனிக்கு ரேஷன். மதுரை தெற்கு வாசல் பக்கம் ஒரு ரொட்டிக்கடையில் நான் அடுப்புக்காரன். முதலாளி விருதுநகர்ப் பக்கத்து ஆள். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்கள் கடையில் கூலிச் சூடுதான் அதிகம். வேதக்கார வீடுகளில் மாவைப் பிசைந்து தட்டில் அடுக்கிக் கொண்டுவருவார்கள். நாங்கள் சுட்டுக் கொடுப்போம். தட்டு மாறிவிடாமல் இருக்க மாவில் ஆளுக்கொரு அடையாளம் போடுவார்கள். ஒரு வீட்டில் முந்திரி பதிப்பார்கள். ஒரு வீட்டில் முள்கரண்டியால் கீறுவார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து ரெபேக்காள் டீச்சர் ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டைவிரலை அழுத்திக் குழி போட்டிருப்பார்.

மற்ற வருசங்களில் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவது அவர் வீட்டுக்காரர் தேவசகாயம் ஐயா. வாசலிலேயே கேட்பார்: "காசிம், இந்த வருசம் கல்லா, பிஸ்கோத்தா?"

அந்த வருசம் டீச்சர் தனியாக வந்தார்.

"ஐயா வரலையா?"

"தொண்டையில கட்டி, காசிம். கஞ்சித் தண்ணிதான் இறங்குது. ஆஸ்பத்திரியில கைய விரிச்சுட்டாங்க."

நான் தட்டை வாங்கிப் பலகையில் வைத்தேன்.

"நாளைக்குக் கோயில் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்கு வருவாங்க. அவங்களோட உக்காந்து ஒரே ஒரு பிஸ்கோத்து தின்னணுமாம். வேற எதுவும் கேக்கல. ரேஷன் சீனிய வாயில போடாமச் சேர்த்து வச்சேன். இருந்தது இம்புட்டுத்தான்."

ஒரே தட்டு. வெண்ணெய் வாசம் வந்தது.

"எம்புட்டு மெதுவா வேணும்?"

"பல்லே படாமக் கரையணும்."

"மத்தியானத்துக்கு மேல வாங்க" என்றேன்.

2. அடுப்பு

மெதுவான சீனி பிஸ்கோத்துக்குப் பெரிய வித்தை கிடையாது. மாவை அடித்துப் பிசையக் கூடாது. தடிமனாகத் தட்ட வேண்டும். சூடு இறங்குகிற அடுப்பில் வைக்க வேண்டும். எங்களுடையது செங்கல் அடுப்பு, சவுக்கு விறகு. காலை ரொட்டி வெளியே வந்ததும் தணலை வாரிவிட்டு ஈரச்சாக்கால் தளத்தைத் துடைப்பேன். ஒரு சிட்டிகை மாவைத் தூவுவேன். கருகினால் சூடு அதிகம். மெல்ல வைக்கோல் நிறத்துக்கு வந்தால் சரி.

அன்று மதியத்துக்குமேல் பட்டாளத்து ரொட்டிக்கு மறுபடி விறகு போட வேண்டும். ஆகையால் ரொட்டிக்கும் ரொட்டிக்கும் நடுவில் உள்ள நேரம்தான் டீச்சர் தட்டுக்கு. முந்திரித் தட்டு, கீறல் தட்டு எல்லாவற்றையும் முதலில் சுட்டு எடுத்தேன். முந்திரித் தட்டுக்கார அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பாய், டீச்சர் தட்டுக்கு மட்டும் முகூர்த்தம் குறிச்சிருக்கீங்களா?"

கடைசியாக டீச்சர் தட்டை வைத்தேன். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"என்ன பாய், தாலாட்டுப் பாடுறீங்களோ?"

மேலே வெள்ளையாகத்தான் இருந்தது. ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். அடி லேசாகச் சிவந்திருந்தது. துடுப்பால் தட்டை வெளியே இழுத்துப் பலகையில் வைத்தேன். தட்டில் உள்ள சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும். ஆறினால் சரியாகிவிடும்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

"அண்ணாச்சி, அது வெந்துருச்சு. தொட வேணாம்."

"போயிட்டு வாங்க பாய்."

3. செவந்த பிறகு

திரும்பி வந்தபோது அண்ணாச்சி சந்தோசமாக இருந்தார்.

"பாருங்க பாய். வெள்ளைவெளேர்னு இருந்துச்சு. பாவம், சீக்காளிக்குப் பச்சை மாவு ஆகாதேன்னு உள்ள தள்ளுனேன். எப்பிடிச் செவந்திருக்கு."

முறுகலாகச் செவந்திருந்தது.

அண்ணாச்சி நல்ல மனுசர். ஆனால் அவர் ரொட்டி வியாபாரி. வெள்ளையாக இருக்கிற ரொட்டியை விற்றால் வாங்கினவன் திருப்பி எறிவான். அவர் கண் அப்படிப் பழகியிருந்தது. தொட வேண்டாம் என்று நான் சொன்னது காதில்தான் விழுந்தது. கண் அதைக் கேட்கவில்லை.

டீச்சர் வந்தார். நகத்தால் ஒன்றைத் தட்டினார். கூரை ஓட்டுச் சத்தம் வந்தது. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணாச்சிக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் செத்துப்போனது.

"பால்ல ஊறப்போட்டா இளகிரும்மா."

"ஊறப்போட்டா அதுவும் கஞ்சிதான் அண்ணாச்சி."

"சீனி இருந்தா இப்பவே வேற சுட்டுத் தந்துருவேன். கடையில துளி கிடையாதும்மா."

டீச்சர் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். அழவில்லை.

ரொட்டியையும் பிஸ்கோத்தையும் ஒரே டின்னில் போட்டால் பிஸ்கோத்து நமுத்துப் போகும். எங்கள் தொழிலில் அதற்குத் திட்டு விழும். அன்று அதை வேண்டுமென்றே செய்தேன். மூடி இறுக்கமான டின் ஒன்றைத் துடைத்து பிஸ்கோத்தை அடுக்கினேன். காலை ரொட்டி ஒன்றை அறுத்து, நடுவில் இருக்கும் மெத்துத் துண்டை உள்ளே வைத்து மூடினேன்.

"விடியுற வரைக்கும் திறக்காதீங்க டீச்சர்."

"இளகுமா?"

"கொஞ்சம்."

கூலி வேண்டாம் என்றார் அண்ணாச்சி. டீச்சர் கேட்கவில்லை. பலகையில் வைத்துவிட்டுப் போனார்.

4. டின்

புது வருசம் பிறந்து டீச்சர் டின்னைத் திருப்பிக் கொண்டுவந்தார். வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"ஓரமெல்லாம் கல்லுதான் காசிம். விரல் குழி இருக்குல்ல, அந்த இடம் மட்டும் இளகியிருந்துச்சு. அதைக் கிள்ளி வாயில வச்சார்."

"முழுங்குனாரா?" அண்ணாச்சி கேட்டார்.

"இல்ல. வாயிலேயே வச்சுக்கிட்டு இருந்தார். வந்தவங்க, ஐயா சாப்பிடுறார்னு சந்தோசமாப் பேசிட்டுப் போனாங்க. எல்லாரும் போன பிறகு கைக்குட்டையில எடுத்துட்டார்."

டீச்சர் டின்னைப் பலகையில் வைத்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார். இந்த வருசம் பாதி கல்லு, பாதி பிஸ்கோத்துன்னு."

டீச்சர் போன பிறகு டின்னைத் திறந்தேன். பிஸ்கோத்து ஒன்றும் இல்லை. நான் வைத்த ரொட்டித் துண்டு மட்டும் கிடந்தது. ஈரமெல்லாம் போய் ஓடாகியிருந்தது. அண்ணாச்சி அதை வாங்கிப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டார்.

சீனி பிஸ்கோத்தை வெள்ளையாக இருக்கும்போதே எடுங்கள். மேல் நிறத்தைப் பார்க்காதீர்கள், புரட்டி அடியைப் பாருங்கள். எடுத்ததோடு வேலை முடியவில்லை. தட்டு ஆறுகிற வரை அங்கேயே நில்லுங்கள். தொட வேண்டாம் என்று யாரிடமும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

அதன்பிறகு அந்தக் கடையில் இருந்தவரை வெள்ளிக்கிழமை மதியம் நான் சீனி பிஸ்கோத்து வைத்ததில்லை. அண்ணாச்சி ஏன் என்று கேட்டதில்லை.