பளிச்சக்கா வீட்டுச் சுவர்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருக்கத்தான் செய்தது. ஆனால் தொழில் தொடங்கிய புதிதில், யார் எந்த அழுக்கைக் காட்டினாலும் "பளிச்சுன்னு ஆக்கிடலாம்" என்று சொல்லிச் சொல்லியே பளிச்சக்கா ஆகிவிட்டாள். வீடு காலி செய்பவர்கள், புதிதாகக் குடிவருபவர்கள், கல்யாணம் நிச்சயமான பிறகு திடீரென்று தங்கள் வீட்டு லட்சணம் கண்ணில் பட்டவர்கள் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒட்டடை, துரு, அடுப்பங்கரைப் பிசுக்கு, குளியலறையில் படிந்த உப்பு என்று எதுவும் அவள் முன்னால் நின்று பிடித்ததில்லை. 'இது போகாது' என்ற பேச்சே அவள் வாயில் வராது. அப்படிச் சொன்னால் தொழிலை மூட்டை கட்டிவிடலாம் என்பது அவள் கட்சி.

அவளிடம் இரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். ஒருத்தி சோடா. எந்தக் கறையைப் பார்த்தாலும் சோடா மாவைக் குழைத்துப் பூசிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். தலைவலிக்கும் அதையேதான் பூசிக்கொள்வாள் என்று மற்றவள் கிண்டலடிப்பாள். அந்த மற்றவள் ஏணி. ஸ்டூல் போடாமலே ஃபேன் துடைக்கிற உயரம். பேச்சு மட்டும் குள்ளம், நாளைக்கு நாலு வார்த்தை தேறினால் அதிகம். இரண்டு பேருக்கும் தொழில் சொல்லிக் கொடுத்தவள் பளிச்சக்காதான். அவள் என்றால் அவர்களுக்கு உயிர்.

இப்படி ஊரார் வீட்டையெல்லாம் கண்ணாடியாக்கியவளின் சொந்த வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. அதற்குக் காரணம் அவள் புருஷன். மனிதர் மிக்சி, ஃபேன் ரிப்பேர் செய்கிறவர். தனியாகக் கடை போட வழியில்லாததால் கூடமே கடை. வயிறு கிழிந்த மிக்சிகள் மேஜையில், இறக்கை இல்லாத ஃபேன்கள் மேஜைக்கு அடியில். திருகாணிகள் தண்ணீர் குடிக்கிற டம்ளரில், கரண்டி போடுகிற கூடையில், மகளின் பென்சில் டப்பாவில். இத்தனைக்கும் எது எங்கே கிடக்கிறது என்று அவருக்குக் கண்ணை மூடினால் தெரியும். மற்றவர்களுக்குத்தான் காலில் குத்தினால் தெரியும்.

அழுக்கை எல்லாம் மன்னித்தாலும் ஒன்றை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை. ஜன்னலோரச் சுவர். வேலை முடிந்ததும் அவர் அங்கே கால் நீட்டி உட்கார்ந்து, பின்னந்தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். தலையில் எண்ணெய் வழிய வழியத் தேய்க்கிற ஆள். வருஷக்கணக்கில் சாய்ந்து சாய்ந்து, ஒரு தட்டு அளவுக்குச் சுவர் பழுப்பேறி மினுமினுத்தது. "ஒரு துண்டையாவது போட்டுட்டுச் சாயக் கூடாதா?" என்று அவள் தினமும் கத்துவாள். இந்த ஞாயிற்றுக்கிழமை தேய்த்து எடுக்கிறேனா இல்லையா பார் என்று சபதம் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை யாராவது வீடு மாறுவார்கள், அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

"ஊர்ச் சுவரையெல்லாம் துடைச்சு வச்சிருக்கே. ஒரு சுவராவது நம்ம பேரைச் சொல்லட்டுமே," என்பார் அவர், கண்ணைத் திறக்காமலே.

இந்த வீட்டை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதில்தான் அவள் குறியாக இருந்தாள். பார்த்தால் மானம் போகும், மானத்தோடு தொழிலும் போகும் என்று பயம். வாடிக்கையாளர் தேடி வந்தால் கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே பேசி அனுப்புவாள். அந்த நேரத்தில் புருஷனும் மகளும் சத்தம் காட்டாமல் சமையலறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டும் திருட்டு முழி முழித்துக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரிக்கும். சோடாவும் ஏணியும்கூட வாசலோடு சரி. ஒரு தடவை மகளின் தோழி மழையில் நனைந்தபடி வந்து நிற்க, உள்ளே கூப்பிட முடியாமல் மகளும் அவளோடு தெருமுனையில் போய் நனைந்துகொண்டு நின்றாள். அன்றைக்கு அவர் மட்டும், "மழைக்கு ஒதுங்குற பிள்ளைக்கு வீடு எப்படி இருந்தா என்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஒரு நாள் காலையில் மிக்சி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் ஆஸ்பத்திரியில் கையெழுத்துக்கும் வண்டிக்கும் அலைந்துகொண்டிருக்க, மகள் போனில் சோடாவுக்குச் சேதி சொல்லி அழுதாள். சோடா ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு விஷயம் சுருக்கென்று பட்டது: இன்றைக்கு ஊரே அக்கா வீட்டுக்கு வரும், வாடிக்கையாளர் எல்லாரும் வருவார்கள், இனிக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. ஆயுசு முழுக்கக் கட்டிக்காத்த மானத்தை இந்த நாளில் சந்தி சிரிக்க விடுவதா? மகளிடம் சாவியை வாங்கிக்கொண்டு, ஏணியையும் இழுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். கிளம்பியவள்மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

இருவரும் முதல்முறையாக அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கூட்டினார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே தேய்த்தார்கள். கற்ற வித்தையை எல்லாம் அன்றைக்குக் காட்டினார்கள்.

வண்டியிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்த பளிச்சக்கா ஒரு கணம் வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டதாகத்தான் நினைத்தாள். தரையில் முகம் தெரிந்தது. மேஜை வெறுமையாக இருந்தது. மிக்சிகள் எல்லாம் துணி போர்த்திக்கொண்டு மூலையில் அடக்கமாக நின்றன. திருகாணிகள் அளவு வாரியாகப் பிரிக்கப்பட்டு, கழுவிய பாட்டில்களில் அலமாரியில் வரிசையாக இருந்தன. எத்தனையோ வருஷம் அவள் ஏங்கிய வீடு அது. அந்த வீட்டின் நடுவில் அவரைக் கிடத்தினார்கள்.

வந்தவர்கள் அழுதார்கள், ஆறுதல் சொன்னார்கள். அக்கா வீடு என்றால் பின்னே எப்படி இருக்கும் என்று பின்வரிசையில் இரண்டு பேர் கிசுகிசுத்ததும் அவள் காதில் விழுந்தது. அவள் ஜன்னலோரச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் மற்ற இடத்தைவிட ஒரு படி வெளுப்பாக இருந்தது. அவர் போனது ஆஸ்பத்திரியில் உறைக்கவில்லை, அந்தச் சுவரைப் பார்த்ததும் உறைத்தது.

சோடா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலையில் வெந்து சுருங்கிய விரல்கள்.

"அண்ணன் சாஞ்ச இடம் ஒண்ணு இருந்துச்சுக்கா," என்று காதோரம் சொன்னாள். "போகவே மாட்டேன்னுச்சு. காயக் காயத் திரும்பத் திரும்பப் பூசினேன். யார் கண்ணுலயும் படல. நீங்க கவலைப்படாதீங்க."

பளிச்சக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம். உலகத்தில் வேறு எதையும் கொடுக்க வழியில்லாதவள், தன் கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறாள்.

"நல்லா பண்ணியிருக்கடி," என்றாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு அந்த வீடு அழுக்காகவே மாட்டேன் என்றது. தாயும் மகளும் மட்டும் இருக்கிற வீட்டில் எதுதான் கலையும்? மிக்சிக்காரர்கள் வந்து அவரவர் சாமானை எடுத்துப் போனார்கள். கேட்பாரில்லாமல் நின்ற ஒன்றை மட்டும் அவள் மேஜைமேல், பிரித்த வாக்கிலேயே வைத்தாள். ஒரு நாள் பாட்டில்களைத் திறந்து திருகாணிகளை டம்ளரிலும் கரண்டிக் கூடையிலும் தானே போட்டுப் பார்த்தாள். அது யாரோ கொண்டுவந்து போட்ட மாதிரிதான் இருந்தது. திரும்பப் பொறுக்கவும் மனசில்லை, அப்படியே விட்டுவிட்டாள்.

மகள் அவளை அந்தச் சுவரோரம்தான் அடிக்கடி பார்த்தாள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அதே இடத்தில் பின்னந்தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். அவர் உயரம் வேறு, அவள் உயரம் வேறு. அவர் தலை பட்ட இடம் அவளுக்கு எட்டவில்லை. மகள் ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவளுக்கு அடியில் போட்டாள். பிறகு தானும் பக்கத்தில் உட்கார்ந்து, பளபளக்கிற கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"இனிமே யாரை வேணும்னாலும் வீட்டுக்குக் கூப்பிடலாம், இல்லம்மா?" என்றாள்.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அதனால்தான் பளிச்சக்காவுக்கு அப்படி வலித்தது. எந்தப் பயலுக்குப் பயந்து அந்த மனிதரைச் சமையலறையில் ஒளித்து வைத்தோம் என்று அன்றைக்கு முழுக்க நினைத்து நினைத்துக் குமைந்தாள். மறுநாள் மகளின் தோழியைத் தானே போய்ச் சாப்பிடக் கூட்டிவந்தாள். வாசற்கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடந்தது. மகள் புத்தகத்தைப் பரப்பினால் பரப்பியபடி, தட்டு போட்ட இடத்தில் போட்டபடி. சோடா வந்தால் கை சும்மா இருக்காமல் எதையாவது எடுத்து அடுக்கப் போவாள். போட்டுட்டு வந்து சாப்பிடுடி என்று அதட்டுவாள் பளிச்சக்கா. சுவரைப் பற்றி மட்டும் அவளிடம் மூச்சு விடவில்லை. மகளையும் விடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள். தெரிந்தால் சோடா தாங்க மாட்டாள். சோடா கொடுத்ததை அவளுக்காகவே பளிச்சக்கா சுமந்துகொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போது ஒரு மாடி வீட்டில் வேலை வந்தது. மூன்று பேரும் போனார்கள். அந்த வீட்டம்மா எல்லா அறையையும் காட்டிவிட்டுக் கடைசியில் டீவிக்கு எதிரே இருந்த சோபாவின் பின்சுவரைக் காட்டினாள். எண்ணெய்க்கறை. நடுவில் கருப்பாகவும் ஓரத்தில் மஞ்சளாகவும், ஒரு தலையின் அளவு.

"இதைப் பாருங்க. ஒரு துண்டையாவது போட்டுட்டுச் சாயக் கூடாதான்னு தினம் தொண்டை கிழியக் கத்தறேன். மரமண்டையில ஏறினாத்தானே?"

அந்த மரமண்டைக்குச் சொந்தக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். சோடா அதற்குள் சோடா மாவு டப்பாவைத் திறந்துவிட்டாள்.

பளிச்சக்கா கறையைப் பார்த்தாள், அந்த மனிதரைப் பார்த்தாள். பிறகு சோடாவின் கையிலிருந்து டப்பாவை வாங்கி மூடினாள்.

"இது போகாதும்மா," என்றாள்.

ஏணி ஃபேனைத் துடைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

வீட்டம்மா விடவில்லை. போன தடவை அடுப்புச் சுவரில் இதைவிடக் கேவலமாக இருந்ததே, அதை எடுத்தீர்களே என்று மடக்கினாள். அது டைல்ஸ், இது பெயிண்ட், உள்ளே இறங்கிவிட்டது, தேய்த்தால் சுவர்தான் போகும் என்று பளிச்சக்கா வாய் கூசாமல் புளுகினாள்.

"அப்ப இதை நான் காலம் முழுக்கப் பாத்துட்டு இருக்கணுமா?"

"பாத்துட்டு இருங்கம்மா," என்றாள் பளிச்சக்கா.

மீதி வேலையை முடிக்கும்வரை சோடா அந்தச் சுவரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயிண்ட் சுவரில் ஊறிய எண்ணெயை எப்படி எடுப்பது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே பளிச்சக்காதான். வாளிகளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது, பாதியில் வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அன்னிக்கு, நல்லா பண்ணியிருக்கேன்னு சொன்னீங்களேக்கா."

இனி மறைத்துப் புண்ணியமில்லை. பளிச்சக்கா படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நல்லாத்தான்டி பண்ணியிருந்தே," என்றாள். "கொஞ்சங்கூட மிச்சம் வைக்கல."